மாடு ஓட்டியவன் காவிய நாயகனானான். மலை திருத்தியவன் எங்கே?

கேகாலை மாவட்டத்திலே, களனி கங்கை பாறைகளின்மீது பாய்ந்து வரும் இடத்தில், கித்துல்கல என்றோர் ஊர் உண்டு. ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் படத்தின் பாலக் காட்சிகளை எடுத்தது அவ்வூர் ஆற்றங்கரையிலேதான். மரத்தாலே பெரியதொரு பாலத்தைக் கட்டினார்கள். அதன்மீது புகைவண்டியை ஓடவிட்டார்கள். பின்பு வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1957இல் வெளிவந்த அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. பாலம் நின்ற இடத்தைக் காண இன்றும் உல்லாசப் பயணிகள் அங்கு வந்து போகின்றனர்.

அப்படம் கூறுவது சீயம்–பர்மா இரயில் பாதையின் கதை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் அப்பாதையை அமைத்த யப்பானியப் படையினர், போர்க் கைதிகளோடு ஆசியத் தொழிலாளர்களையும் பெருந்தொகையாகக் காட்டுக்குள் செலுத்தினர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் மிகப் பலர். அங்கே மாண்ட போர்க் கைதிகள் 12,000க்கு மேற்பட்டோர். மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடப்படுகின்றது. ஆனால் படத்திலே கைதிகளின் வீரம் உண்டு, தளபதியின் பிடிவாதம் உண்டு. தமிழ்த் தொழிலாளியின் பிணத்துக்குக்கூட இடமில்லை.

இறப்பர்த் தோட்டத் தமிழன் செத்த கதையை, இறப்பர்த் தோட்டத் தமிழன் வாழும் மாவட்டத்துக்கே வந்து படமாக்கினார்கள். படப்பெட்டி அவன் வாசல்வரை வந்தது. வந்தும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை!

இதற்காக டேவிட் லீனை நாம் நோகப் போவதில்லை. படப்பெட்டி எவர் கையில் இருக்கின்றதோ, அவர் காட்ட விரும்புவோரையே உலகம் காணும். அதே ஆண்டுகளில் அமெரிக்க நாடு இவ்வுண்மையை வாரந்தோறும், வீடுதோறும் மெய்ப்பித்துக் கொண்டிருந்தது. அந்நாட்டுத் தொலைக்காட்சியின் ‘வெஸ்டர்ன்’ தொடர்களைக் குறித்தே சொல்கின்றோம். குதிரையும் துப்பாக்கியும் கொண்ட அக்கதைகளுக்கும் சப்பிரகமுவத் தோட்டத்து லயங்களுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதனைச் சொல்வதே எமது நோக்கம்.

கடைத்தெருவிலே பிறந்த காவியம்

‘லோன் ரேஞ்சர்’ என்னும் முகமூடி வீரனின் தொடர் 1949இல் தொடங்கிற்று. அது பெரும்பாலும் சிறுவர்க்கானது. வளர்ந்தோரையும் கட்டிப்போட்ட பெருந்தொடர் ‘கன்ஸ்மோக்’, அதாவது துப்பாக்கிப் புகை. 1952இல் வானொலி நாடகமாகப் பிறந்த அது, 1955இல் தொலைக்காட்சிக்கு வந்து, 1975வரை 20 ஆண்டுகள் நடந்தது. மொத்தம் 635 பகுதிகள். டொட்ஜ் சிற்றி என்னும் கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூரிலே சட்டத்தைக் காக்கும் அதிகாரியாக ஜேம்ஸ் ஆர்னஸ் என்பவர் அந்த 20 ஆண்டும் நடித்தார். ‘வேகன் டிரெயின்’ 1957இலும், ‘ரோஹைட்’, ‘பொனான்சா’ ஆகியன 1959இலும் தொடங்கின. பிற்காலத்திலே உலகப் புகழ் எய்திய கிளின்ற் ஈஸ்ற்வுட் ‘ரோஹைட்’ தொடரிலே மாடு ஓட்டும் இளைஞனாக நடித்தே பெயர் பெற்றார்.

இவற்றின் செல்வாக்கை ஒரு கணக்கால் அறியலாம். 1958–59ஆம் ஆண்டுப் பருவத்திலே அமெரிக்க மக்கள் மிகுதியாகப் பார்த்த முதல் பத்து நிகழ்ச்சிகளுள் ஏழு, இத்தகைய தொடர்கள். முதல் நான்கு இடங்களும் இவற்றுக்கே உரியனவாயிருந்தன.

இத்தொடர்கள் கோடி கோடியாகப் பணம் கொட்டி எடுக்கப்பட்டவை அல்ல. கலிபோர்னியாவின் குன்றுப் புறங்களிலும் கொட்டகைகளிலும் ஒரு தெருவை அமைத்தார்கள். அத்தெருவின் வீடுகள் பலவற்றுக்கு முகப்பு மட்டுமே உண்டு. பின்னால் முட்டுக் கொடுத்த மரம். ஒரே தெரு இந்த வாரம் ஓர் ஊராகவும் அடுத்த வாரம் வேறோர் ஊராகவும் வேடம் போட்டது. மந்தை ஓடும் காட்சியை ஒருமுறை எடுத்து மறுபடியும் மறுபடியும் ஒட்டினார்கள். பழைய திரைப்படங்களின் காட்சித் துண்டுகளையும் வீணாக்கவில்லை. தொடக்க காலத்திலே ஆண்டொன்றுக்கு 39 பகுதிகள் என்னும் கணக்கில் வேலை நடந்தது. பகுதிக்கு ஒரு சிக்கல், ஒரு விருந்தினர் பாத்திரம், ஒரு தீர்ப்பு; முடிவிலே நியாயம் நிலைபெற வேண்டும். இந்தச் சட்டகத்துக்குள்ளே நல்ல எழுத்தாளர்கள் நல்ல கதைகளையும் எழுதினர்.

நோக்கமும் தூய கலை நோக்கம் அன்று. ‘கன்ஸ்மோக்’ தொடரைத் தொடக்கத்திலே தாங்கி நின்றது ஒரு சிகரெட் கம்பனி. ‘பொனான்சா’ முதல் நாளிலிருந்தே வண்ணத்தில் ஒளிபரப்பானதற்குக் காரணம், அந்த ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமையாளர்கள் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளைச் செய்து விற்றவர்கள் என்பதே. ஆகவே இக்காவியம் கோயிலிலே பிறக்கவில்லை, கடைத்தெருவிலே பிறந்தது. ஆயினும் அது செய்த வேலை பெரிது.

கூலிக்காரனே நாயகன்

அக்கதைகளின் நாயகன் யார்? மன்னனா? மந்திரியா? இல்லை. ‘கௌபோய்’ என்று அழைக்கப்பட்ட மாடு ஓட்டி! 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர், டெக்சஸ் மாநிலத்திலிருந்து கான்சாஸ் இரயில் நிலையங்களுக்குப் பல நூறு மைல் மாட்டு மந்தைகளை நடத்திச் சென்ற கூலிக்காரன் அவன். அவன் பெற்ற ஊதியம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டொலர். புழுதி தின்று, மழையில் நனைந்து, பிறர் மாட்டைப் பிறர் சந்தைக்கு ஓட்டிய அவனுடைய காலம் இரயில் பாதை நீண்டதும் முள்ளுக்கம்பி வேலி வந்ததும் முடிந்து போயிற்று. அந்தப் பெருநடைக் காலம் ஏறக்குறைய 20 ஆண்டுகளே. அந்த 20 ஆண்டு வாழ்வை வைத்து ஒரு நாடு நூறு ஆண்டாகக் கதை சொல்லிக்கொண்டிருக்கின்றது! கூலிக்கு மாடு ஓட்டியவன் ஒரு தேசத்தின் திருவுருவம் ஆனான்.

மற்றொரு நாயகன் குடியேற்ற விவசாயி. 1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. ஐந்து ஆண்டுகள் குடியிருந்து நிலத்தைப் பண்படுத்துபவனுக்கு 160 ஏக்கர் வரை, சிறு கட்டணத்தோடு, சொந்தம் என்றது அச்சட்டம். பிற நாட்டிலே பிறந்து வந்தவனும், குடியுரிமை பெற விரும்புகின்றேன் என்று எழுதிக் கொடுத்தால், அந்நிலத்துக்கு மனுச் செய்யலாம். ஏறத்தாழ 16 இலட்சம் பேர் இவ்வாறு உறுதி பெற்றனர்.

இனி நமது மலைக்கு வருவோம்.

தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரோடு புறப்பட்டு, கடல் கடந்து, காட்டு வழியே நடந்து, வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் உறவினரைப் பலி கொடுத்து, இலங்கை மலைகளை அடைந்தவர்கள் நம் மக்கள். முதலிலே கோப்பி, 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த மலைகளெங்கும் இறப்பர். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை என்னும் ஊர்களின் குன்றுகளைக் கேளுங்கள். காட்டை வெட்டியவர் யார், கான் வெட்டியவர் யார், கன்று நட்டவர் யார், இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர் யார் என்று அவை சொல்லும்.

ஐந்து ஆண்டு பண்படுத்தியவனுக்கு அமெரிக்கா 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து தலைமுறை பண்படுத்தியவனுக்கு இந்நாடு என்ன கொடுத்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தைக் கொடுத்தது! ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் ஒரு கையெழுத்தினால் நாடற்றவர் ஆயினர். 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்க்கலாம் என்று பங்கிட்டது. மந்தையைப் பிரிக்கும்போது மாடு ஓட்டிகள் செய்யும் கணக்கும் இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: அமெரிக்காவிலே மந்தையை ஓட்டியவனைப் பற்றிக் கதை எழுதினார்கள், இங்கே மனிதனையே மந்தையாக எண்ணினார்கள்.

நாடற்றவர் என்னும் அந்நிலையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் வந்தன. குடியுரிமை கிடைத்தது. ஆனால் காணி? 2015க்குப் பின்னர் வீட்டோடு 7 பேர்ச்சஸ் காணி என்னும் திட்டம் வந்தது. அதுவும் பல குடும்பங்களுக்கு இன்னும் எட்டாக் கனியே. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். அமெரிக்கக் குடியேற்றக்காரனின் 160 ஏக்கரைப் பேர்ச்சஸ் கணக்கிலே சொன்னால் 25,600. ஒரு பக்கம் 25,600. மறு பக்கம் 7. கணக்கு அறிந்த விவசாயிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

அவர்கள் மறைத்தது என்ன?

அமெரிக்கத் தொடர்களை நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடச் சொல்கின்றோம் என எவரும் கருத வேண்டாம். அவற்றிலே பெரும் பொய் ஒன்று உண்டு. அந்த 160 ஏக்கரும் வெறும் நிலம் அன்று. அது அந்நாட்டின் ஆதிக்குடிகளின் நிலம். அவர்களைத் துரத்திய பின்னரே அது ‘வெறும் நிலம்’ ஆயிற்று. தொடர்களிலோ அவர்கள் குன்றின்மேல் திடீரெனத் தோன்றி, கூச்சலிட்டு, அம்பெய்து, சுடப்பட்டு வீழ்வோராகவே பெரும்பாலும் காட்டப்பட்டனர். அவர்களது வேடத்தைப் பல வேளைகளில் வேறு இனத்தார் முகத்திலே சாயம் பூசி நடித்தனர். ‘லோன் ரேஞ்சர்’ தொடரிலே ஜே சில்வர்ஹீல்ஸ் என்னும் மோஹோக் இனத்துக் கலைஞருக்கு இடம் கிடைத்தது. ஆனால் குறைமொழி பேசும் துணைவனாக மட்டுமே. மெய்யான மாடு ஓட்டிகளுள் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். திரையிலே அவர்களைத் தேடித்தான் காண வேண்டும்.

சீனத் தொழிலாளரின் கதை நமக்கு இன்னும் அண்மையானது. 1869இல் முடிவுற்ற அமெரிக்கக் குறுக்கிரயில் பாதையின் மேற்குப் பகுதியை, மலையைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும் அமைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். வேலை முடிந்தது. 1882இல் சீனத் தொழிலாளர் வரவைத் தடுக்கும் சட்டம் வந்தது. அவர்கள் குடியுரிமை பெறும் வாயிலையும் அது அடைத்தது. அவ்வாயில் மீண்டும் திறந்தது 1943இல். ‘பொனான்சா’ தொடரிலே அந்தச் சீன இனத்துக்குக் கிடைத்த பாத்திரம் யாது? பண்ணை வீட்டின் சமையற்காரன், ஹொப் சிங்! பாதை அமைத்தவனுக்கு அடுப்படி. கடுமையாக உழைக்க அழைத்து, வேலை முடிந்ததும் அந்நியன் என்று ஒதுக்கும் வித்தையை 1948இல் நமது ஆட்சியாளர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆகவே அமெரிக்கத் தொடர்கள் நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றன. எளியவனின் வாழ்வைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அவன் நாட்டின் உரிமையாளனாகவே மதிக்கப்படுவான் என்பது முதற் பாடம். ஒருவனை உயர்த்தும் கதை, பக்கத்திலே நிற்கும் இன்னொருவனைப் புதைத்துவிடவும் கூடும் என்பது இரண்டாம் பாடம்.

இவ்விரண்டாம் பாடம் சப்பிரகமுவவுக்கு மிகவும் பொருந்தும். நுவரெலியாவைப் போலத் தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும் நிலப்பரப்பு அன்று இது. சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கும் தோட்டங்கள். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத கண்டிச் சிங்களக் கிராமத்தவனின் சேனை நிலத்தையும் காட்டையும் அரசின் உடைமை ஆக்கிற்று. அரசு அதனைத் துரைமாருக்கு விற்றது. கிராமத்தவன் நிலத்தை இழந்தான். தமிழ்த் தொழிலாளி அந்நிலத்திலே வியர்வையை இழந்தான். இலாபம் இலண்டனுக்குப் போயிற்று. ஆனால் நிலத்தை இழந்தவனின் கோபம் இலண்டனுக்குப் போகவில்லை. பக்கத்து லயத்துக்கு வந்தது. 1977இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்திலும், 1983இலும் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டபோது, அக்கோபத்துக்கு எண்ணெய் வார்த்தவர்கள் பலர் இருந்தனர்.

எனினும் மண் இருவரையும் வேறு பிரிக்கவில்லை. 2016 மே மாதத்துப் பெருமழையிலே கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தபோது, அரநாயக்கவிலே சிங்களக் கிராமத்தவரும், புளத்கொஹுப்பிட்டியவிலே தோட்டத்து மக்களும் புதையுண்டனர். ஆகவே நம் கதையை நாம் சொல்லும்போது, கிராமத்துச் சிங்களவனைக் குன்றின்மேல் தோன்றி அம்பெய்பவனாகக் காட்டக்கூடாது. அவனும் இழந்தவன் என்னும் உண்மை அக்கதையிலே இருக்க வேண்டும். அமெரிக்கர் செய்யத் தவறியதை நாம் செய்து காட்டலாம்.

நம்மிடம் என்ன இல்லை?

இப்படியொரு தொடரை நாம் எடுக்க இயலுமா? கதை இல்லையா? இருக்கின்றது. ‘வேகன் டிரெயின்’ தொடரின் அமைப்பு யாது? ஒரு கூட்டம் வண்டிகளிலே மேற்கு நோக்கிப் போகின்றது. வாரத்துக்கு ஒரு பயணியின் கதை. கங்காணி ஒருவன் பின்னால் நடந்து வந்த கூட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இல்லையா? பஞ்சத்துக்கு அஞ்சி வந்தவன், கடனுக்கு ஓடி வந்தவன், சாதிக் கொடுமைக்கு விலகி வந்தவள், வழியிலே குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவள். டொட்ஜ் சிற்றிக்கு ஒரு தெரு. நமக்கு ஒரு லயம். அவர்களுக்கு மதுச்சாலை, நமக்குப் பிரட்டுக் களமும் தேயிலைத் தொழிற்சாலையும் கோயிலடியும் கடன் தரும் கடையும். அவர்களுக்குச் சட்ட அதிகாரி. நமக்குத் துரைக்கு எதிரே முதன்முதலாக நிமிர்ந்து பேசிய தொழிற்சங்கத் தலைவன். முகப்பு மட்டும் கட்டிப் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டிய தேவைகூட நமக்கில்லை. லயங்கள் உண்மையாகவே நிற்கின்றன. நிற்கக்கூடாதவை, இன்னும் நிற்கின்றன!

எழுத்து இல்லையா? இருக்கின்றது. சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் வாழ்வை உலகறிய எழுதினார். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ 1964இலேயே நாவலாக வெளிவந்தது. கூத்து மரபு இல்லையா? காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் தோட்டங்களிலே விடிய விடிய நடந்தவை. திரைப்பட முயற்சி இல்லையா? ‘தோட்டக்காரி’ 1963இல் வந்தது. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ என்னும் படத்தை 1975இல் கொணர்ந்தார். கைப்பொருளை இழக்கத் துணிந்த அம்முன்னோடிகளை நாம் வணங்குகின்றோம்.

ஒளிபரப்பு இல்லையா? அதுவும் இருக்கின்றது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தோன்றின. இன்று அவற்றுக்கு வசந்தம், நேத்ரா எனத் தமிழ் அலைவரிசைகள் உள்ளன. தனியார் அலைவரிசைகளும் உள்ளன. ஆனால் மாலையிலே தமிழ் வீடுகளை ஆள்வது எது? தென்னிந்தியாவிலிருந்து வரும் மாமியார் மருமகள் சண்டைகள்! காவத்தைத் தோட்டத்துத் தாய் ஒருத்தி, மலையிலிருந்து இறங்கி வந்து, சென்னை மாளிகையிலே பட்டுப் புடைவை உடுத்தவள் விடும் கண்ணீருக்குத் தன் கண்ணீரைக் கூட்டுகின்றாள். அவள் கண்ணீருக்கு அழ ஒரு தொடர் இல்லை.

ஆகவே இல்லாதது ஒன்றே ஒன்று: இது செய்யத் தகுந்த வேலை என்னும் எண்ணம்.

இரண்டு ஆட்சேபங்கள்

முதலாவது ஆட்சேபம், பணம். இதற்கு விடையை மேலே தந்துவிட்டோம். ஒரு தெருவையும் ஒரு மந்தைக் காட்சியையும் வைத்து நூற்றுக்கணக்கான பகுதிகளை எடுத்தவர்களின் சிக்கனத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். அன்று அவர்களுக்கு வேண்டியிருந்த கனத்த கருவிகளும் பிலிம் சுருளும் இன்று வேண்டியதில்லை. ‘கன்ஸ்மோக்’ முதலிலே மூன்று ஆண்டுகள் வானொலியிலேதான் வாழ்ந்தது என்பதையும் மறக்க வேண்டாம். நாமும் வானொலியிலே தொடங்கலாம். இலங்கை வானொலியின் தமிழ் நாடகங்களைக் கேட்பதற்காகத் தமிழுலகம் காத்திருந்த காலம் ஒன்று உண்டே!

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. “காணி இல்லை, உரிய கூலி இல்லை, இவர்களுக்குக் கதைத் தொடர் ஒரு கேடா?” என்று தொழிலாளர்களின் நலம் நாடும் நண்பர்களே கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. தொடர் ஒன்று எந்தக் காலத்திலும் காணி உறுதி எழுதித் தரமாட்டாது. சீனருக்குக் குடியுரிமை கிடைத்ததும் தொடரால் அன்று, அரசியலால். ஆனால் அரசியல் எதைக் கொண்டு நடக்கின்றது? மக்கள் எவரை மனிதராக எண்ணுகின்றார்களோ அவர்களுக்கே அரசியல் இரங்குகின்றது. அமெரிக்காவிலே குடியேற்ற விவசாயியின் உரிமையை எவரும் கேள்வி கேட்பதில்லை. ஏன்? ஆயிரம் மாலைகளில் அவன் குடிசை கட்டியதையும் வேலி நட்டதையும் பிள்ளையைப் புதைத்ததையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். நம் தொழிலாளி காணி கேட்டால் ‘இவர்கள் யார்?’ என்று இன்னும் கேட்கின்றார்கள். ஏனெனில் அவன் காடு வெட்டியதை எவரும் பார்க்கவில்லை. காணிப் போராட்டம் கச்சேரியிலும் பாராளுமன்றத்திலும் நடக்கட்டும். அதற்கு வேண்டிய மனநிலத்தைப் பண்படுத்தும் வேலை திரையிலே நடக்கட்டும். ஒன்று மற்றொன்றுக்குப் பகை அன்று.

யார் செய்ய வேண்டும்?

2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டு வரலாற்றை நினைவு கூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். முன்னோர் நடந்த வழியை மீண்டும் நடந்த அந்நிகழ்ச்சியைப் போற்றுகின்றோம். ஆனால் நடை முடிந்ததும் நினைவு முடிந்து போகலாகாது. வாரந்தோறும் வருவதே மனத்தில் நிற்கும்.

தமிழ் வழக்கறிஞர்களே, மருத்துவர்களே, பொறியியலாளர்களே, ஆசிரியர்களே! உங்களுள் சிலரின் பாட்டன் பாட்டிமார் லயத்திலே பிறந்தவர்கள். வேறு சிலரோ, மலையகத்தைப் புகைவண்டிச் சன்னல் வழியாக மட்டும் கண்டவர்கள். இரு சாராருக்கும் இதிலே கடமை உண்டு. ஆளுக்கொரு சிறு பங்கு போட்டால் ஒரு தொடரின் முதற் பருவம் எழும். பணத்துக்கு முன்னர் ஆவணம் வேண்டும்: பழைய தோட்டப் பதிவேடுகள், துண்டுகள், நிழற்படங்கள், முதியோர் வாய்மொழி. எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் 80 வயதைக் கடந்த முதியோரிடம் இருக்கும் கதைகள், அவர்கள் கண் மூடினால் மண் மூடிப் போகும். ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரு பள்ளி விடுமுறையிலே தொடங்கக்கூடிய வேலை இது.

வன்னி விவசாயிகளே! உங்களுக்கு இக்கதை அந்நியம் அன்று. 1977க்கும் 1983க்கும் இடையிலே தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள், உங்கள் அயலிலே காடு வெட்டிக் கழனி ஆக்கினார்கள். பாட்டன் சப்பிரகமுவவிலே திருத்தினான், பேரன் வன்னியிலே திருத்தினான். இரண்டு தடவையும் உறுதி வேறொருவன் பெயரில்! இக்கதை திரைக்கு வரும்போது உங்கள் வயல் வரம்பும் அதிலே இடம்பெறும். அவர்களை ‘வந்தவர்கள்’ என்று சொல்லும் வழக்கத்தை இன்றே நிறுத்துவது நீங்கள் தரக்கூடிய முதற் பங்கு.

அரசத் தொலைக்காட்சியை நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. வரி கொடுப்போரில் தோட்டத் தொழிலாளியும் ஒருவன். அவன் வாங்கும் ஒவ்வொரு சீனிப் பொட்டலத்திலும் சவர்க்காரக் கட்டியிலும் உங்களுக்குரிய பங்கு இருக்கின்றது. வாரத்திலே ஒரு மணி நேரம் அவனுக்குரியது. அதனை நாம் இரக்கவில்லை, கேட்கின்றோம். தமிழிலே எடுத்து, சிங்கள எழுத்தோடு ஒளிபரப்புங்கள். கிராமத்தவனும் பார்க்கட்டும். தன் பாட்டனின் சேனை எவ்வாறு போயிற்று என்பதையும் அவன் அதிலே அறியட்டும்.

கித்துல்கலையிலே கட்டிய பாலம் படத்துக்காகக் கட்டப்பட்டது; படத்துக்காகவே தகர்க்கப்பட்டது. ஆற்றங்கரையிலே அதன் அடித்தளத்தின் எச்சங்களைத்தான் இன்று காட்டுகின்றார்கள். அதைச் சூழ்ந்த மலைகளிலே நம் மக்கள் வெட்டிய கான்களும் அடுக்கிய கற்கட்டுகளும் நூறு ஆண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றன. ஒரு நாளிலே தகர்ந்த பாலத்தை உலகம் அறியும். தகராமல் நிற்கும் கற்கட்டைக் கட்டியவனை உலகம் அறியாது. இன்னொரு டேவிட் லீன் வந்து அவனைக் காட்டுவான் எனக் காத்திருப்பது பேதைமை. படப்பெட்டி இப்போது நம் பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே இருக்கின்றது. அதனை எடுத்து, ஆற்றுக்கு முதுகு காட்டி, மலைப்பக்கம் திருப்பட்டும்.